பிளக் உடைந்து ஹெட்டிலேயே தங்கிவிட்டால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உடைந்த ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தரும்படி கேட்டு நம் பட்டறைக்கு வரும் வண்டிகள் அண்மைக் காலமாகக் கூடியிருக்கின்றன. ஒரு பிளக்கைக் கழற்றுவதற்கு வண்டியை இரவு முழுக்க விட்டுச் செல்ல வேண்டுமா, கூலி ஏன் வண்டிக்கு வண்டி மாறுகிறது என்ற கேள்விகளும் கூடவே வருகின்றன. நியாயமான கேள்விகள்தான். பில்லின் அடியில் ஒரு வரியாக எழுதிவிட முடியாத பதில் என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

பிளக்கின் உடல் இரும்பு. அது முறுக்கி ஏற்றப்படும் ஹெட், அதாவது என்ஜின் சிலிண்டரின் மேல்மூடி, அலுமினியம். இவ்விரண்டுக்கும் நடுவில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பொங்கி, மரையின் (திருகுச் சுற்றுகளின்) இடுக்குகளை அடைத்துக்கொள்கிறது. தூத்துக்குடியில் கடற்காற்றுக்கும் உப்பளக் காற்றுக்கும் குறைவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாட்டர் வாஷ் செய்யும்போது பிளக் குழியில் தேங்கும் நீர் வெளியேறுவதற்கென்று பல வண்டிகளில் ஹெட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். சேறு அடைத்துக்கொண்டால் நீர் அங்கேயே நின்று பிளக்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முழங்கால் அளவு நீரில் நின்று, பிறகு சிக்கலின்றி ஸ்டார்ட் ஆகிவிட்ட வண்டிகளின் பிளக்கை அப்போது யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. அவற்றில் சில இப்போது எங்களிடம் வருகின்றன.

துருவைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. வண்டிக்கு உரியதைவிடக் குட்டையான பிளக்கை மாட்டியிருந்தால், ஹெட்டின் மரையில் மூடப்படாத கடைசிச் சுற்றுகளில் கரி படிந்து இறுகிவிடும். பின்னால் சரியான பிளக்கை ஏற்றும்போது அது அந்தக் கரியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். நீளமான பிளக்கோ உள்ளே நீட்டிக்கொண்டு, தன் மரையிலேயே கரியை ஏற்றிக்கொள்கிறது. இவை எல்லாவற்றையும்விட, பாக்ஸ் ஸ்பானரில் குழாயைச் செருகி முழு பலத்தோடு முறுக்கியதால் கழுத்து விண்டுபோன பிளக்குகளையே நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

உடைந்த விதத்தைப் பொறுத்தே வேலையும் கூலியும் அமைகின்றன. மேலே நிற்கும் வெள்ளைப் பீங்கான் மட்டும் முறிந்து, ஸ்பானர் பிடிக்கும் அறுகோணப் பகுதி நன்றாக இருந்தால் கவலை வேண்டாம். குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு, ஆழமான சாக்கெட்டால் வழக்கம்போலக் கழற்றிவிடலாம். அறுகோணமும் கழன்று வந்து, மரையுள்ள உருளை மட்டும் ஹெட்டுக்குள் நின்றுவிட்டால்தான் நேரமும் பொறுமையும் தேவைப்படுகின்றன. நம் சாலைகளில் அதிகம் ஓடும் 100 சிசி வண்டிகள் பலவற்றில் அந்த மரை 10 மில்லிமீட்டர் அளவுதான் என்பதால், உருளையின் சுவர் மிக மெல்லியதாக இருக்கும்.

அத்தகைய வண்டியை இரவு முழுக்க ஆற விட்டு, துரு இளக்கும் எண்ணெயை மரையில் ஊற வைக்கிறோம். சூடான அலுமினியத்தில் பலவந்தமாகத் திருகினால் மரை உரிந்துவிடும். காலையில் இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில், பிஸ்டனை உச்சிக்குச் சற்றுக் கீழே நிறுத்துகிறோம். விழும் துண்டு கைக்கெட்டும் இடத்தில் கிடக்க வேண்டும்; கருவியின் நுனி பிஸ்டனைத் தொடவும் கூடாது. பிறகு எஞ்சிய பீங்கானையும் நடுக் கம்பியையும் எடுத்துவிட்டு, உடைந்த திருகுகளை உள்ளிருந்து பற்றிக் கழற்றும் ஈஸி அவுட் என்ற கருவியில் கிரீஸ் தடவி, அதை உருளைக்குள் மெல்லத் தட்டி இறக்குகிறோம். ஓங்கி அடித்தால் உருளை விரிந்து இன்னும் இறுகிக்கொள்ளும். கால் சுற்றுகூட ஒரேயடியாகத் திருப்புவதில்லை. கிரீச்சென்று சத்தம் கேட்டதும் நிறுத்தி, வந்த வழியே உள்ளே திருப்பி, மீண்டும் எண்ணெய் விட்டு, சிறிது கூடுதலாக வெளியே கொண்டுவருகிறோம். வெள்ளைப் பொடியும் செந்துருவும் கலந்த சேறு மரையோரம் கசியத் தொடங்கினால் பிளக் வந்துவிடும் என்று நம்பலாம்.

பிளக் வெளியே வந்ததோடு வேலை முடிவதில்லை. பீங்கான் அலுமினாவால் ஆனது. சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பைவிட மிகக் கடினமானது. நெல்மணி அளவுத் துண்டு ஒன்று உள்ளே தங்கினாலும் அது சுவரில் கோடு கிழிக்கும், அல்லது வால்வின் அடியில் சிக்கி சிலிண்டரின் அழுத்தத்தை (கம்ப்ரஷனை) குறைக்கும். ஆகவே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து, உடைந்த துண்டுகளை மேசையில் ஒன்றோடொன்று பொருத்திச் சரிபார்க்கிறோம். இதற்கு ஆகும் நேரமும் கூலியில் சேர்ந்ததுதான். இதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டாம்.

இப்படியும் வராத பிளக்குக்கு ஹெட்டை இறக்குவதைத் தவிர வழியில்லை. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைக்கும் புதிய ஹெட் கேஸ்கட்டின் செலவும் சேர்வதால், உங்களைத் தொலைபேசியில் கேட்காமல் ஹெட்டில் கை வைக்க மாட்டோம். மரை கெட்டிருந்தால் ஹெலிகாயில் போட்டுத் தருகிறோம். எஃகுச் சுருளாலான அந்த மரை, பழைய அலுமினிய மரையைவிட உறுதியானது. உடைந்த உருளையின் மேல் நட்டை வெல்டிங் வைத்து வண்டியிலேயே கழற்றிவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் உள்ள ஈசியூ என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வெல்டிங் மின்சாரத்தில் கெட்டுவிடலாம் என்பதால், அதைச் செய்ய எங்களுக்குத் துணிவில்லை. செய்வதானால் ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் செய்வோம்.

புதிய பிளக்கை நீங்களே மாட்டுவதானால், மரை சரியாகப் பிடிக்கும் வரை விரலாலேயே முறுக்குங்கள். வாஷர் உட்கார்ந்த பிறகு, புதிய பிளக்குக்கு ஏறத்தாழ அரைச் சுற்றும், ஏற்கெனவே பயன்படுத்திய பிளக்குக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றும் போதும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால், 10 மில்லிமீட்டர் மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், வாஷருடன் கூடிய 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. முலாம் பூசிய இன்றைய பிளக்குகளுக்கு அது தேவையில்லை. வழுக்கல் கூடுவதால் அதே கைப்பலத்தில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

வீட்டிலோ வழியிலோ பிளக் உடைந்துவிட்டால், கிக்கரை உதைக்கவோ செல்ஃப் போடவோ வேண்டாம். சுத்தமான துணியால் குழியை மூடி, வண்டியைத் தள்ளிக்கொண்டோ லோடு ஆட்டோவில் ஏற்றியோ கொண்டுவாருங்கள். கீழே விழுந்த பீங்கான் துண்டுகளைத் தவறாமல் பொறுக்கி எடுத்து வந்தால், உள்ளே எவ்வளவு விழுந்திருக்கும் என்று கணக்கிட எங்களுக்கு உதவும். மாலை 6 மணிக்குள் வண்டியை ஒப்படைத்தால், நிலவரத்தை மறுநாள் மதியத்துக்குள் தொலைபேசியில் தெரிவிப்போம்.

இப்படிக்கு,
பட்டறைப் பொறுப்பாளர்