திமிரி நாகசுரமும் ஒலிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்கால இசையை அந்தக் காலத்துக் கருவிகளிலேயே வாசிக்கும் ஐரோப்பியச் சிற்றிசைக் குழுக்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை மிகுந்த மகிழ்ச்சியுடன் படித்தேன். 1953-இல் வியன்னாவில் ஹார்னன்கூர் என்ற இசைக் கலைஞரும், 1973-இல் இங்கிலாந்தில் ஹாக்வுட் என்ற இசைக் கலைஞரும் தொடங்கிய குழுக்கள் வயலினில் ஆட்டுக் குடல் நரம்பைக் கட்டி, இன்று நொடிக்கு 440 அதிர்வில் நிற்கும் சுருதியை 415-க்கு இறக்கி வாசித்துக் காட்டின. அதே அக்கறைக்கு உரிய கருவி நம்மிடமும் உண்டு: திமிரி நாகசுரம்.

இன்று நாம் கேட்பது பாரி நாகசுரம். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியைக் கொண்டு டி.என். ராஜரத்தினம் பிள்ளை செய்வித்து நிலைநிறுத்திய நீண்ட குழல் அது. அவருடைய சீடர், நம் காருகுறிச்சி அருணாசலம் அதை வாசித்தே நெல்லைச் சீமையின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றார். ஆகவே பாரியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதற்கு முன்பு கோயில்களில் ஒலித்தது குட்டையான, சுருதி ஏறிய திமிரி. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ரத வீதி நிறைந்த கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க அந்த ஏற்றம் உதவியது. ஐரோப்பாவில் பழைய சுருதி தாழ்ந்தது, இங்கோ உயர்ந்தது.

திமிரியில் சுத்த மத்திமம், அதாவது ‘ம’ சுரத்தின் தாழ்ந்த வகை, எளிதில் பிடிபடாது. குழலின் வாயில் செருகி ஊதும் நாக்கான சீவாளியை உதட்டில் சற்றே உள்வாங்கியும் வெளிவிட்டும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும், துளையை விரலால் பாதி மூடியும் வித்வான்கள் அந்தச் சுரத்தை வரவழைக்க வேண்டியிருந்தது. பழைய வாசிப்பின் போக்கில் இந்த உழைப்புக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். திமிரியில் கேளாதவரை, சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியை நாம் பாதிதான் அறிவோம்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர்த் திருவிழாவில் ஒரு மாலையேனும், ஒலிபெருக்கி வைக்காமல், திமிரியையும், இரும்புத் திருகாணிக்குப் பதிலாகத் தோல் வார் இழுத்துக் கட்டிய தவிலையும் வாசிக்கச் செய்யுமாறு கோயில் நிர்வாகத்தை வேண்டிக்கொள்கிறேன். நாகசுரக் குடும்பங்களில் யாரிடமேனும் பழைய திமிரி இருந்தால், ஆச்சா மரத்தில் இன்றும் குழல் கடையும் நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் அதை அளந்து புதிதாகச் செய்து தர இயலும். பாரிக்கு அமைந்த சீவாளி திமிரிக்குப் பொருந்தாது என்பதால், சீவாளி கட்டுபவரையும் முன்கூட்டியே கலந்துகொள்வது அவசியம்.

இப்படிக்கு,
இசை ஆர்வலர் ஒருவர்,
பாளையங்கோட்டை.