‘மட்டுமே’ என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் அகழாய்வுக் கட்டுரையில் “பொன்னோ காசோ அகப்படவில்லை, உடைந்த பானை ஓடுகள் மட்டுமே கிடைத்தன” என்று ஒரு வரி. அந்த ‘மட்டுமே’ இரண்டு நாளாக உறுத்துகிறது.

இரண்டு பருவம் குழிக்குள் குந்தியிருந்து ஓடு எடுத்தவன் நான். பானையின் விளிம்பு தெரிந்துவிட்டால் கொத்துக்கரண்டியை ஓரம் வைத்துவிட வேண்டும், அப்புறம் மூங்கில் குச்சியும் பிரஷ்ஷும்தான். உள்ளே இருக்கும் மண்ணை அவசரப்பட்டு வழிக்கக் கூடாது, விரிசல் விட்ட பானையைத் தாங்கிப் பிடித்திருப்பதே அந்த மண்தான். வெளியே துணிப்பட்டை சுற்றி, அடிமண்ணோடு சேர்த்து நாலு கை தூக்கும். அப்படியும் ஒருமுறை அடிப்பாகம் என் கையோடு கழன்று வந்துவிட்டது, அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல, 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அந்த இடத்தின் காலத்தைக் கணித்ததே இந்த ‘மட்டுமே’யை வைத்துத்தான். இத்தாலியின் அரட்டைன் என்ற சிவப்பு மெருகுப் பாண்டம் எந்தக் காலத்தது என்று முன்பே தெரியும், ஆகவே அதோடு சேர்ந்து கிடந்த நம் பானைகளுக்கும் காலம் தெரிந்தது. பொற்காசை நாலு தலைமுறை பெட்டியில் பூட்டி வைப்பார்கள். பானை உடைந்தால் அன்றைக்கே குப்பைமேடு. எது காலத்தை ஒழுங்காகச் சொல்லும், நீங்களே சொல்லுங்கள்.

இது முதல் தடவையும் இல்லை. முன்பொரு முறை ‘ஓடுகளைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினார்கள்’ என்று போட்டீர்கள். கரிக்கும் நெல்லுக்கும் அது சரி, சுட்ட களிமண்ணின் வயதை அறிய, அதைச் சூடாக்கி வெளிவரும் ஒளியை அளக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனை அல்லவா? கடிதம் எழுதினேன், பதில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இன்னொரு இதழில், கறுப்பு சிவப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வாய்ப்பக்கம் கறுத்தது என்று அழகாக விளக்கிவிட்டு, படத்தையும் மறக்காமல் தலைகீழாகவே அச்சடித்திருந்தீர்கள்.

உங்களை மட்டும் சொல்வானேன். எங்கள் குழிக்கு வந்த ஒரு நிருபர், கழுவி நிழலில் உலர்த்தியிருந்த ஓடுகள்மேல் செருப்புக்காலோடு நடந்தபடி “தங்கம் ஏதாவது கிடைச்சுதா?” என்றார். காலில் இடறிய அடையாளச் சீட்டுகளை எடுத்து, எது எந்த மண்ணடுக்கு என்று மறுபடி சரிபார்க்க எங்களுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. சீட்டு தவறிய ஓடு வெறும் ஓடுதான் ஐயா, அப்போது வேண்டுமானால் ‘மட்டுமே’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை பானைப் படம் போடும்போது பக்கத்தில் வைத்திருக்கும் கறுப்பு வெள்ளை அளவுகோலை வெட்டாமல் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்