கடலட்டைய அவிக்க முதல் கரையிலயே எண்ணிப் பதியணும் எண்டு கேட்டு எழுதுற கோரிக்கை மனு

அனுப்புறது: செயலாளரும் அங்கத்தவர்களும், கரையோரக் கடற்றொழிலாளர் சங்கம், வாகரைப் பிரதேசம், மட்டக்களப்பு.

பெறுபவர்: உதவிப் பணிப்பாளர் அவர்கள், கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம், மாவட்டக் காரியாலயம், மட்டக்களப்பு.

பிரதி: மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும் கடல்வள ஆராய்ச்சி செய்யிற அரசாங்க நிறுவனமான நாராவுக்கும்.

மதிப்புக்குரிய ஐயா,

கேக்கிற விசயத்த முதல்லயே சொல்லிப்போட்டு மறுகா விளக்கத்துக்கு வாறம். வாற சீசன் தொடங்க முதல், எங்கட பக்கம் கடலட்டை இறங்கிற ஒவ்வொரு கரையிலயும் ஒரு கொப்பி வைக்கணும். அண்டண்டு வாற அட்டைய பச்சையா இருக்கக்குள்ளயே என்ன சாதி, எத்தன உருப்படி, எந்தப் பார்ல (கடலுக்கு அடியில அட்டை கிடக்கிற திட்டு) எடுத்தது, எத்தன பேர் இறங்கி எடுத்தது எண்டு அதுல எழுதணும், அந்தக் கொப்பியப் பாத்துத்தான் அடுத்த வருசம் எத்தன பேருக்கு லைசன்ஸ், எந்தப் பார மூடுற, எப்ப மூடுற எண்டு நீங்க முடிவெடுக்கணும். அட்டைத் தொழில நிப்பாட்டச் சொல்லி நாங்க கேக்கல்ல ஐயா, அத நம்பி இஞ்ச நிறையக் குடும்பம் சீவிக்கிது. தொழில் நிண்டு நிலைக்கணும் எண்டுதான் கேக்கிறம்.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, வாடைக் காலத்துல எங்கட கடல்ல இறங்க ஏலாது, சித்திரை கழிஞ்சு கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினாத்தான் கடல் தெளிஞ்சு அடி தெரியும், அதுல இருந்து புரட்டாசி வரைக்கும்தான் அட்டைக்காலம். அந்த மாசங்கள்ல கற்பிட்டி, புத்தளம், மன்னார்ப் பக்கத்துல இருந்தும் ஆக்கள் போட்டோட, மூச்செடுக்கிற காத்துச் சிலிண்டரோட வந்து கரையில வாடி எண்ட கொட்டில் அடிச்சுத் தங்குவாங்க. அவங்களோட எங்களுக்குக் கோபம் ஒண்டும் இல்ல, அவங்கட கடல் கொந்தளிக்கக்குள்ள இஞ்ச வாறாங்க, எங்கட கடல் கொந்தளிக்கக்குள்ள எங்கட பொடியன்களும் அங்க போறானுகள். ஆனா ஒரு சீசனுக்கு எங்கட கடலுக்குள்ள மொத்தம் எத்தன பேர் இறங்கிறாங்க, எவ்வளவு எடுக்கிறாங்க எண்டு யாரிட்டயாவது ஒரே இடத்துல ஒரு கணக்கு இருக்கா எண்டு கேட்டா எங்கட கரையில யாராலயும் காட்ட ஏலாது.

இதுல பெரிய கவலை என்னெண்டா கணக்கு எடுக்கிறது கஷ்டமான வேலையே இல்ல, ஒவ்வொரு நாளும் காலையில எங்கட கண்ணுக்கு முன்னால நடக்கிற வேலைதான். ராவைக்குப் போன போட் விடியக்குள்ள கரையேறும், சாக்க மணல்ல கவுட்டு விடுவாங்க, அட்டை வாங்கிற முதலாளிட ஆள் குந்தி இருந்து ஒவ்வொண்டாக் கையால எடுத்து சாதி பிரிச்சு, பெரிசு ஒரு பக்கம் சின்னன் ஒரு பக்கம் எண்டு வச்சு, உருப்படி எண்ணி சிட்டையில எழுதுவார். அட்டைய மீன் மாதிரி கிலோவுக்கு நிறுத்து எடுக்கிறல்ல, உருப்படிக்குத்தான் காசு. அதால எண்ணாம ஒரு அட்டையும் கை மாறாது. ஒரு ஆள் ஒரு ராவையில எத்தன எடுத்தான் எண்டதுவரைக்கும் அந்தச் சிட்டையில இருக்கும், கூலி அதப் பாத்துத்தான் குடுக்கிற. கணக்கு எழுதிக் கொண்டேதான் இருக்கு ஐயா, ஆனா சீசன் முடிஞ்ச கையோட சிட்டையெல்லாம் முதலாளிட பேக்குக்குள்ள போயிருது. அதுல ஒரு பிரதி அரசாங்கத்துட கொப்பியில ஏறினாப் போதும்.

ஏத்துமதி செய்யக்குள்ள கொழும்புல எடை பதியிறாங்கதானே, அது காணாதா எண்டு சில பேர் கேப்பாங்க. காணாது. கரையில பிரிச்ச அட்டைய வயித்தக் கீறி குடல் எடுத்து, பீப்பாயில போட்டு அவிச்சு, சிலத மண்ணுக்குள்ள புதைச்சு வச்சு மேல்தோல் ஊற வச்சு உரசிக் கழுவி, திரும்ப அவிச்சு வெயில்ல காய வைப்பாங்க. பச்சையா பத்துக் கிலோ இருந்தது கடைசியில ஒரு கிலோ கூட வராது, நீளமும் நல்லாச் சுருங்கி கல்லு மாதிரி ஆயிரும். அதுக்குப் பிறகு வாகரை அட்டையும் முல்லைத்தீவு அட்டையும் மன்னார் அட்டையும் ஒரே மூட்டைக்குள்ளதான் போகும். ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் போற அந்த மூட்டைய நிறுத்துப் பாத்து எந்தப் பார் வெறுமையாப் போச்சு, எந்தப் பார்ல இன்னும் இருக்கு எண்டு யாரால சொல்ல ஏலும்? இடமும் சாதியும் உண்மையான அளவும் ஒண்டாத் தெரியிறது கரையில, அந்தக் காலை நேரத்துல மட்டும்தான்.

இப்ப ஏன் இவ்வளவு அவசரப்படுத்திறம் எண்டும் சொல்லணும். எங்கட அப்பாமார் காலத்துல வெள்ளை அட்டைய இடுப்பளவு தண்ணியில சாதாளைக்குள்ள (கடற்புல்லுக்குள்ள) நடந்தே பொறுக்கினாங்க. சண்டைக் காலத்துல ராவைக்குக் கடலுக்குப் போக விடாததால கடல் ஒரு விதத்துல ஓய்வா இருந்திச்சு. 2007க்குப் பிறகு பாதை திறந்து போட்டும் சிலிண்டரும் வந்ததோட மூச்சடக்கி இறங்கின தொழில் ஆழத்துக்குப் போயிட்டு. முதல்ல விலை கூடின சாதி குறைஞ்சிச்சு, பிறகு நடுத்தர விலைக்காரன், இப்ப முன்னம் காலால தள்ளிவிட்டுப் போன குச்சி அட்டையையும் கையெல்லாம் பசையா ஒட்டுற நூல் அட்டையையும் கூட சாக்குல போடுறாங்க. உலகத்துல பல நாட்டுல அட்டைத் தொழில் இந்த வரிசையிலதான் விழுந்திருக்கு, நல்ல சாதி முடிய மட்டமான சாதி, கரை முடிய ஆழம், அதுவும் முடிய வாடியக் கழட்டிக்கொண்டு அடுத்த கடலுக்கு.

அட்டை மீனப் போல இல்ல ஐயா. அதுல ஆணும் பெண்ணும் வேற வேற, ஆனா சோடி சேராது, ஆண் தன்ட விந்தயும் பெண் தன்ட முட்டையயும் தண்ணிக்குள்ள விட்டுரும், கிட்டக் கிட்ட கிடந்தாத்தான் ரெண்டும் சேந்து குஞ்சு ஆகும். அப்ப ஒரு பார்ல நூறு கிடந்த இடத்துல மூண்டு நாலு மட்டும் அங்க ஒண்டு இஞ்ச ஒண்டாக் கிடந்தா, கண்ணுக்கு அட்டை இருக்கிற மாதிரித் தெரியும், ஆனா அதுகள் பெருகாது. அதோட கையால தொட்டு எடுக்கக்கூடிய சீவன், ஓடாது, ஒளிக்கத் தெரிஞ்சதெல்லாம் மண்ணுக்குள்ள புதையிறதுதான், டோர்ச் வெளிச்சத்துல அதையும் கண்டுபிடிச்சிருவாங்க. விதைநெல்ல அவிச்சுத் தின்ற கதைதான் இஞ்ச நடக்கிது. கடலடி மண்ணத் தின்டு அதுல இருக்கிற அழுக்க எடுத்துப்போட்டு மண்ணச் சுத்தமா வெளிய விடுறதும் இந்தச் சீவன்தான், அது போனா சாதாளையும் அதுக்குள்ள குஞ்சு வளக்கிற மீனும் றாலும் என்னாகும் எண்டத வலைத் தொழில் செய்யிற எங்கட ஆக்கள்தான் முதல்ல அனுபவிப்பாங்க.

2008ல நாரா கிழக்குக் கடல்லயும் வடமேல் கடல்லயும் ஆக்கள அடிக்கு இறக்கி அட்டைய எண்ணி ஆய்வு செஞ்சது, அது நல்ல வேலை. அப்பிடியான எண்ணிக்கை ஒருக்காச் செஞ்சா போதாது, சில வருசத்துக்கு ஒருக்கா அதே இடத்துல திரும்ப எண்ணினாத்தான் கூடுதா குறையிதா எண்டு தெரியும். இடைப்பட்ட வருசங்களுக்கு கரைக் கொப்பி கைகுடுக்கும், ஒரு ஆளுக்கு ஒரு ராவைக்கு விழுற அட்டை குறைஞ்சு கொண்டே வந்தா அதுவே முதல் எச்சரிக்கை.

நேரத்துக்கு எண்ணாத நாடுகள் கடைசியில முழுசா மூட வேண்டி வந்திருக்கு. பப்புவா நியூ கினியாவுல 2009ல அட்டைத் தொழில மூடினவங்க 2017லதான் திரும்பத் திறந்தாங்க, திறக்கக்குள்ள மாகாணத்துக்கு இவ்வளவுதான் எண்டு கோட்டாவும் சாதிக்குச் சாதி ஆகக் குறைஞ்ச நீளமும் வச்சுத்தான் திறந்தாங்க. இந்தியாவுல 2001ல இருந்து முழுத் தடை, அங்க இப்பவும் கள்ளமாப் பிடிச்சு பிடிபடுற செய்தி வந்து கொண்டேதான் இருக்கு. அப்பிடி ஒரு நிலமை எங்கட பொடியன்களுக்கு வரக்கூடாது.

இன்னொண்டு, இது எங்கள விட ஏத்துமதிக்காரருக்கு முக்கியமான விசயம். அழியிற ஆபத்துல இருக்கிற உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்கிறதக் கட்டுப்படுத்துற சைட்டீஸ் ஒப்பந்தத்துல 2019ல, ரெண்டு பக்கமும் காம்பு காம்பாத் துருத்திக் கொண்டிருக்கிற பெரிய அட்டை மூண்டு சாதியச் சேத்தாங்க, 2022ல பனாமாவுல நடந்த மாநாட்டுல முள்ளு முள்ளா இருக்கிற தெலனோட்டா இனத்தயும் சேத்து அது 2024ல இருந்து அமுலுக்கு வந்திருக்கு. இலங்கையும் அந்த ஒப்பந்தத்துல இருக்கிற நாடு. இந்தச் சாதிகள வெளிய அனுப்புறதெண்டா, எடுக்கிறதால கடல்ல இனம் அழியாது எண்டு அரசாங்கம் காட்டணும். கணக்கு இல்லாம எதக் காட்டுற? கரைக் கொப்பி இருந்தா அதுக்கும் அதுவே சாட்சி.

இனி, கொப்பியோட சேத்து நீங்க செய்யலாம் எண்டு நாங்க நினைக்கிறதையும் எழுதிறம். 1996ம் ஆண்டு 2ம் இலக்க கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்துல தொழில் மூடுற காலம் அறிவிக்கவும் ஒரு கடற்பரப்ப முகாமைத்துவப் பிரதேசம் எண்டு அறிவிச்சு தொழிலாளர வச்சே நடத்தவும் இடம் இருக்கு, புதுச் சட்டம் ஒண்டும் தேவையில்ல. முதலாளிமார் சொல்லுவாங்க, வாடைக்குக் கடல் தானாவே மூடுதுதானே எண்டு. அது காத்துக்கு மூடுறது, அட்டைக்கு மூடுறதில்ல. எங்கட கடல்ல எந்தெந்தச் சாதி எந்த மாசம் முட்டை விடுது எண்டு நாரா வந்து அட்டையக் கீறிப் பாத்துச் சொல்லட்டும், அந்த மாசம் கச்சான் காலத்துக்குள்ள விழுந்தா அந்த நேரத்துல அந்தச் சாதிய எடுக்காம விடுறதுக்கு நாங்க சம்மதம், நட்டம் எங்களுக்கும் வரும், அது தெரிஞ்சுதான் சொல்லுறம். சின்ன அட்டைக்கு அளவு வைக்கிறதெண்டா அதயும் பச்சை அட்டைக்கே வைக்கணும், காஞ்ச அட்டைக்கு அளவு வச்சா கரையில ஒருத்தனும் அளக்க மாட்டான், செத்த பிறகு திருப்பிக் கடல்ல விடவும் ஏலாது. ஒரு சில பார மாறி மாறி ஓய்வுக்கு விடுறதெண்டா எது எது எண்டு எங்கட டைவர்மாரக் கேட்டுச் செய்யுங்க, அவங்களுக்கு அடி முழுக்கத் தெரியும்.

ஆழத்துல ஆள் படுற பாட்டயும் இதோட சேத்துப் பாருங்க. பக்கத்துப் பார் முடிஞ்சதால ஆழம் போறாங்க, ஒரு ராவைக்கு சிலிண்டர் மாத்தி மாத்தி இறங்கிறாங்க, அவசரமா மேல ஏறி கைகால் வழங்காமப் போன பொடியன்கள் எங்கட ஊர்லயே இருக்கிறானுகள். அதுக்கு வைத்தியம் செய்யிற காற்றழுத்த அறைக்கு திருகோணமலை நேவியிட்டத்தான் கொண்டு போகணும், போற வழியில நேரம் போயிரும். கொப்பியில ஆழத்துக்கும் ஒரு கோடு இருந்தா எந்தெந்த இடத்துல ஆக்கள் எல்லை மீறிப் போறாங்க எண்டு முன்கூட்டியே தெரியும்.

பண்ணை வந்தா எல்லாம் சரியாகும் எண்டு சொல்றவங்களும் இருக்காங்க. 2022ல அமைச்சரவை 5000 ஏக்கர்ல கடலட்டைப் பண்ணைத் திட்டத்துக்கு அங்கீகாரம் குடுத்தத நாங்களும் பேப்பர்ல பாத்தம். பண்ணைக்கு நாங்க எதிர் இல்ல, ஆனா குஞ்சு பொரிக்கிற இடத்துக்குத் தாய் அட்டை கடல்ல இருந்துதான் வரணும், ஆழம் குறைஞ்ச இடத்துல வேலி அடிச்சா கரையில தூண்டில் போடுறவனும் றால் பிடிக்கிற பொம்பிளைகளும் எங்க போறது எண்டதயும் யோசிக்கணும். காட்டு அட்டைய எண்ணிக் காப்பாத்துறதுக்குப் பதிலா பண்ணைய வைக்க ஏலாது.

கொப்பிய யார் எழுதுற எண்ட கேள்வி வரும். எப்ஐ (கடற்றொழில் பரிசோதகர்) ஐயாமாருக்கு இருக்கிற கரைக் கணக்குக்கு ஒவ்வொரு கரையிலயும் விடியக்காலம் நிக்க ஏலாது எண்டு எங்களுக்குத் தெரியும். எழுதுறதுக்கு நாங்க ஆள் தாறம். ஓஎல், ஏஎல் முடிச்சிட்டு வீட்டுல இருக்கிற பிள்ளைகள் சங்கத்து அங்கத்தவர்ட வீடுகள்ல இருக்கு, நாரா ஆக்கள் வந்து சாதி அடையாளம் பாக்கவும் அளக்கவும் ஒரு கிழமை பழக்கிக் குடுத்தாப் போதும், போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பவும் தெரியும். சின்னக் கொடுப்பனவு ஒண்டு திணைக்களம் பாத்துச் செய்யணும், முதலாளியிட்ட சம்பளம் வாங்கி எழுதினா கொப்பி முதலாளிட கொப்பியாத்தான் இருக்கும். எப்ஐ கிழமைக்கு ஒருக்கா வந்து பாத்துக் கையொப்பம் வைக்கட்டும். அட்டை ஏத்திற வாகனத்துக்கு பெர்மிட் குடுக்கக்குள்ள கரைக் கொப்பி இலக்கத்தயும் அதுல எழுதினா, எழுதாத அட்டை றோட்டால போக ஏலாது. வெளியூர் போட்டுக்கும் எங்கட போட்டுக்கும் ஒரே சட்டம்.

ஒரேயொரு நிபந்தனை. மாசம் முடிய அந்தக் கணக்க எங்களுக்கும் திருப்பித் தரணும், சங்கக் கட்டடத்துப் பலகையில ஒட்டணும். இதுக்கு முதல் எத்தனையோ பேர் வந்து எங்களிட்டக் கேட்டு எழுதிக் கொண்டு போயிருக்காங்க, என்ன கண்டுபிடிச்சாங்க எண்டு எங்களுக்குத் திரும்பி வந்தது இல்ல. தன்ட பார்ல அட்டை குறையிறத எழுத்துல கண்டா, மூடச் சொல்லி டைவரே வந்து கேப்பான்.

சித்திரை வருசப் பிறப்புக்கு முன்னம் ஒரு நாள், உங்களுக்கு வசதியான நேரம், நீங்களோ உங்கட பரிசோதகரோ நாரா ஆக்களோட வாகரைக்கு வந்தா அங்கத்தவர் எல்லாரையும் கூட்டி வைக்கிறம், முதலாளிமாரயும் வெளியூர் போட்காரரயும் கூப்பிடுறம். கொப்பியில என்னென்ன கோடு வேணும் எண்டு நாங்களே ஒரு மாதிரி போட்டு இந்த மனுவோட இணைச்சிருக்கம், திருத்தம் இருந்தா சொல்லுங்க ஐயா.

இப்படிக்கு,
செயலாளரும் கீழ கையொப்பம் வச்சிருக்கிற அங்கத்தவர்களும்,
வாகரைப் பிரதேசம், மட்டக்களப்பு.