ஷயர் அப்படியே இல்லட்டி

ஏட்டி, நல்லாருக்கியா?

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு. அன்னைக்கே பதில் எழுதணும்னு உக்காந்தேன், ஆச்சிக்கு மறுபடியும் மூச்சு இளைப்பு வந்து செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் அலைஞ்சதுல முடியல. இப்போ தேவல, ரெண்டு வேளை கஞ்சி குடிக்கா. மைனிக்கு ரெண்டாவதும் பொண்ணு, நல்லா கொழுகொழுன்னு இருக்கா. அவ்வளவுதான் வீட்டு விசேஷம்.

நீ ரெண்டு விஷயம் எழுதியிருந்த. பையன் கூட உக்காந்து லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூணாவது படம் ரிட்டர்ன் ஆஃப் த கிங் பாத்தேன், கடைசில ஃப்ரோடோ, சாம்னு நாலு ஹாபிட்டும் (அந்த குட்டை மனுசங்க) போரெல்லாம் முடிஞ்சு அவங்க ஊரு ஷயருக்கு திரும்பி வர்ற எடத்துல அழுதுட்டேன்னு ஒண்ணு. லீவுக்கு வர்றேன், நம்ம ஊரு அப்படியேதான இருக்குன்னு இன்னொண்ணு. எனக்கு ரெண்டுக்கும் சேத்து ஒரே பதில்தான் வருது, அதான் இவ்வளவு நீளமா எழுதுதேன்.

உன் லெட்டர படிச்சிட்டு நானும் சனிக்கிழமை ராத்திரி மக கூட போட்டு பாத்தேன். மூணு மணி 20 நிமிஷம், புள்ள கண்ண மூடல. மலைக்கு மலை தீ ஏத்தி சேதி சொல்லுற சீன் வந்ததும், அம்மா இது திருவண்ணாமலை தீபம் மாதிரி இருக்குன்னு எந்திரிச்சு நின்னுட்டா. எனக்கும் மயிர் கூச்செறிஞ்சுது. நாமினேட் ஆன 11 ஆஸ்கரையும் வாங்குன படம், அதுக்கு முழு தகுதி உண்டு, அதுல எனக்கு மாத்துக் கருத்தே கெடையாது. நம்ம ஹாஸ்டல்ல இருந்து திருவனந்தபுரத்து தியேட்டருக்கு போயி பாத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருந்துச்சு.

ஆனா அந்த கடைசி. நாலு பேரும் குதிரையில வர்றாங்க, புல்லு பச்சையா இருக்கு, பூ பூத்திருக்கு, க்ரீன் டிராகன்ங்குற மதுக்கடையில போயி உக்காருறாங்க, பக்கத்துல ஒருத்தன் பெரிய பூசணிக்காய தூக்கிட்டு போறான், எல்லாரும் அதைத்தான் வேடிக்கை பாக்காங்க, இவங்க என்ன பட்டுட்டு வந்தாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது, நாலு பேரும் ஒண்ணும் பேசாம ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு குடிக்கிறாங்க. ரொம்ப நல்ல சீன்தான், நீ அழுததுல தப்பே இல்ல. ஆனா புக்குல அது அப்படி இல்லட்டி, நீ மறந்துட்ட. கடைசிக்கு முந்தின சாப்டர். அவங்க திரும்பி வரும்போது ஷயர்ல பைவாட்டர்ங்குற ஊரு ரோட்டோர மரமெல்லாம் போயிருக்கும், பழைய மில்ல இடிச்சுட்டு புகை கக்குற மில்லு கட்டியிருப்பாங்க. ஃப்ரோடோவ வளத்த பில்போ பிறந்தநாளுக்கு பந்தல் போட்ட மைதானத்துல நின்ன மரத்த வெட்டி, கிளையெல்லாம் கழிச்சு சும்மா போட்டிருப்பாங்க. எதிரி சவ்ரானோட நாடு மோர்டார் வரைக்கும் போயிட்டு வந்த சாம் அதப் பாத்துதான் அழுவான்.

அத ஆரம்பிச்சு வெச்சது யாரு? சவ்ரான் கெடையாது. ஃப்ரோடோவோட சொந்தக்காரன் லோத்தோ. நெலம், மில்லுன்னு ஒவ்வொண்ணா வாங்கி, ஊர்ல வெளையுறதெல்லாம் வண்டி வண்டியா தெக்க ஏத்தி அனுப்புவான். கெட்டுப்போன மந்திரவாதி சாருமான் அதுக்கப்புறம்தான் வந்து உக்காருவான். ஊரே தெரண்டு எந்திரிச்சு சண்டை போட்டு, அதுல 19 ஹாபிட் சாவாங்க, அந்தப் பக்கம் 70 பேர்கிட்ட. பெரிய போர் முடிஞ்சப்பறம் இன்னொரு சண்டைய வெச்சா படம் இழுக்கும்னு சொல்லுவாங்க, நானும் அந்த வயசுல உன்கிட்ட அப்படித்தான் சொன்னேன். இப்போ சொல்ல மாட்டேன். அவரு சின்னப் பையனா இருந்த நாட்டுப்புறம் பத்து வயசுக்குள்ளயே அழிஞ்சு போனத பத்தி புக்க எழுதின டோல்கீனே முன்னுரையில எழுதியிருக்காரு. அந்த சாப்டர் அவரு வயித்தெரிச்சல்.

ஊரு கதைக்கு வாறேன். ஞாபகம் இருக்கா, கொல்லத்துல இருந்து மீட்டர் கேஜ் ரயில்ல வருவோம், பதிமூணு கண்ணறைப் பாலத்துல நீ கைய வெளிய நீட்டிட்டே வருவ, ஆரியங்காவு தாண்டி குகை இருட்டுல எல்லாரும் கத்துவாங்க, வெளிய வந்ததும் பகவதிபுரம், குளு குளுன்னு காத்து, பச்சை வயலு, அப்பதான் நமக்கு மூச்சே வரும். 2010-ல அந்த ரயில நிப்பாட்டி, 2018-ல பெரிய லைன் ஆக்கி விட்டுட்டாங்க, அது சந்தோஷம்தான். ஆனா கேரள எல்லைல இருக்குற நம்ம புளியரை ரோட்டுல இப்போ ராப்பகலா டாரஸ் லாரி. நம்ம பக்கத்துக் குவாரிங்கள்ல இருந்து எம்-சாண்ட், ஜல்லி, குண்டுக்கல்லுன்னு மேக்க போவுது, செக்போஸ்ட்ல வரிசை கட்டி நிக்கும். ஆச்சி 56-க்கு முன்னாடி, செங்கோட்டை திருவிதாங்கூர்ல இருந்தப்ப பொறந்தவ, அவளுக்கு எல்லையே கெடையாது, அக்கரையும் நம்ம ஊருதான்னு சொல்லுவா. இப்போ ராத்திரி அலமாரியில டம்ளர் கடகடன்னு ஆடுனா, மலை போவுதுட்டின்னு சொல்லிட்டு திரும்பிப் படுக்கா. நாம மாடியில இருந்து பாப்போமே அந்த மொட்டப் பாறை, அதுல பாதி இல்ல. கொய்யா இலையில வெரல வெச்சு தேச்சா மாவு மாதிரி வெள்ளையா வருது. திருநெல்வேலி நாலு வழிச் சாலைக்கு ஆலங்குளம் வழியில மரங்களையும் எடுத்தாச்சு, பஸ்ல வந்தா வெயில்தான். குவாரிக்கு நெலம் குடுத்ததுல நம்ம தெரு ஆளே ரெண்டு பேரு, பேரு எழுத மாட்டேன், நமக்கு கல்யாணச் சாப்பாடு போட்ட வீடு.

படத்துல வர்ற ஷயர் நியூசிலாந்துல மாடமாட்டா பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணை. ஷூட்டிங்குக்கு ஒரு வருஷம் முன்னாடியே செடி கொடி நட்டு வளத்தாங்களாம், அதான் அவ்வளவு நெசமா இருக்கு. அத மனசுல வெச்சுக்கிட்டு நீ புளியரையில வந்து எறங்கிடக் கூடாதுன்னுதான் எழுதுதேன். வராதன்னு சொல்லல, வாட்டி.

இன்னொண்ணு. எல்ஃப் சீமாட்டி கலாட்ரியல் சாமுக்கு, படத்தோட நீளமான எக்ஸ்டெண்டட் பதிப்புல, கயிறு குடுப்பாங்க. புக்குல ஒரு சின்னப் பெட்டி, அதுல அவங்க தோட்டத்து மண்ணும் ஒரு விதையும். சாம் மரம் வெட்டுன எடமெல்லாம் போயி கன்னு நட்டு, ஒவ்வொண்ணு அடியிலயும் அந்த மண்ணுல ஒரு துளி வைப்பான், அந்த மைதானத்துல விதைய நடுவான். படத்துல அத விட்டதுக்குத்தான் எனக்கு பெரிய வருத்தம், மத்ததெல்லாம் பரவால்ல. இங்க நாங்க ஒரு ஏழெட்டு பேரு குளத்தங்கரையில புங்கை, நாவல்னு நட்டிருக்கோம். ரெண்ட மாடு தின்னுட்டு. மீதிக்கு மக தண்ணி ஊத்துதா.

மூணாவது புக்கு உன்கிட்டதான் இருக்கு, அட்டை கிழிஞ்சது, ஹாஸ்டல் காலி பண்ணும்போது நீதான் எடுத்துட்டுப் போன. வரும்போது எடுத்துட்டு வா, மக கேக்கா, அந்த சாப்டர அவளுக்கு நீதான் படிச்சுக் காட்டணும். ஜூன் கடைசில வந்தா சாரல் இருக்கும், லாரி தூசி அப்போ கொஞ்சம் அடங்கும். ஆச்சி உன்ன கேட்டுக்கிட்டே இருக்கா.

உன் பழைய ரூம்மேட்