சிவாவுக்கு, மேப்பிள் மரத்து வண்டு பற்றி

வெள்ளவத்தை

அன்புள்ள சிவா,

இங்கே எல்லோரும் சுகம். காலி வீதி நெரிசல் வழமைபோல். ரவியின் மகளுக்குப் பொருத்தம் சரிவந்துவிட்டது. மிச்சத்தை அவனே சொல்வான், சொல்லாமல் விடமாட்டான்.

சரி, உன் வண்டுக்கு வருகிறேன். ஸ்காபரோவில் உன் வளவு மேப்பிளில் ஒரு கறுப்பு வண்டு, மேலே வெள்ளைப் புள்ளிகள், உடம்பைவிட நீளமான கொம்பு. உடனே "சீனத்து வண்டு வந்திட்டுது" என்று, மேப்பிளைத் துளைத்துச் சாகடிக்கும் அந்த ஆசிய நீளக்கொம்பு வண்டை நினைத்து, எனக்கு நடுச்சாமத்தில் படம் அனுப்புகிறாய். நம் மாமரங்களைத் துளைப்பதும் இதே குடும்பம்தான், அதனால் எனக்குக் கொஞ்சம் பழக்கம். ஆனால் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் எந்தக் கறுப்பும்தான் பளபளக்கும், மச்சான்!

புள்ளிகளை எண்ணாதே, அவை வண்டுக்கு வண்டு மாறும். கொம்பு நீளமும் உதவாது. ஆணுக்கு நீளம், பெண்ணுக்குக் குறைவு. இறக்கை மூடிகள் இரண்டும் கழுத்துப் பக்கம் சேரும் இடத்தைப் பார். அங்கே சின்னதாக ஒரு முக்கோணத் தகடு இருக்கும். அது பளிச்சென்று வெள்ளை என்றால் உன்னுடையது கனடாவின் சொந்த வண்டு, பைன் மரத்தில் வளர்வது. யாராவது கொண்டுவந்த விறகோடு வந்திருக்கும். தகடு கறுப்பு, உடம்பு வார்னிஷ் பூசியது போல மினுக்கம், கொம்பில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் என்றால் அது சீனத்தானாக இருக்கலாம், பயப்படு. அதற்கும் ஒரு பங்காளி உண்டு, தோடை மரங்களைத் துளைப்பது. அச்சொட்டாக அதே உடுப்பு. ஆனால் அதன் இறக்கை மூடியில் தோளோரம் நுண்ணிய மேடுகள் இருக்கும், நகத்தால் தடவினால் சொரசொரக்கும். சீனத்தானுக்கு அந்த இடம் வழவழப்பு.

பகிடியை விடுகிறேன். 2003 இல் ரொறன்ரோ எல்லையில் சீனத்தானைக் கண்டு, ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டித்தான் 2013 இல் ஒழித்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டு மிசிசாகாவில் திரும்பவும் பிடிபட்டது. அதை முடிக்க 2020 ஆகிவிட்டது. புழு மரத்துக்குள்ளே இருக்கிறது, வெளியே மருந்தடித்து என்ன பயன்? அது நாடு தாண்டுவது பொதிப் பலகையில். துறைமுகத்தில் கிளியரிங் பார்த்த காலத்தில் பலகைப் பெட்டிகளில் கோதுமைக் கதிர் முத்திரை தேடுவோம், பூச்சி போகப் பக்குவம் செய்த பலகை என்பதற்கான சர்வதேச அடையாளம் அது. அதோடு HT என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியதாக அர்த்தம். இந்த மாதிரிப் பூச்சிகளுக்காகத்தான் அந்தப் பாடெல்லாம்.

ஆகவே வண்டை விட்டுவிடாதே. ஜாம் போத்தலில் போட்டு ஃபிரீசரில் வை. சுமதி கத்தினால் என் பெயரைச் சொல், எனக்குப் புதிதில்லை. அடிமரத்திலும் கிளைகளிலும் பென்சில் நுழையும் அளவுக்கு வட்டத் துளைகள் இருக்கிறதா என்று பார். பகல் வெளிச்சத்தில் அந்த முக்கோணத்தை மட்டும் கிட்டப் பிடித்து எடுத்து அனுப்பு. கறுப்பு என்றால் எனக்காகக் காத்திருக்காதே. உங்கள் நாட்டு உணவுப் பரிசோதனை முகவரகத்துக்கு அன்றைக்கே கோல் எடு.

அன்புடன்,
குணா