தெர்மாகோல் வீடு வேண்டாம், ஓலை போதும்: கடலோர அங்கன்வாடிகளுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை கடலோரத்தில் அங்கன்வாடி மையங்களை நடத்தும் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் அவற்றை மேற்பார்க்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

"வீட்டில் ஏதாவது கைவேலை செய்து கொடுத்தனுப்புங்க" என்று தாய்மாருக்குச் சொல்லியனுப்பினால் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். தெர்மாகோல் அட்டை, ஜிகினாத் தூள், பாசிமணி, பசை எல்லாம் கடையிலிருந்து வரும். ராத்திரி அம்மாவோ அக்காவோ உட்கார்ந்து வீடு ஒட்டுவார்கள். பிள்ளை அதற்குள் தூங்கிப்போயிருக்கும். மறுநாள் மையத்துச் சுவரோரம் இருபது வீடுகள் வரிசையாக நிற்கும், "தொடாதே" என்ற சொல்லோடு. நான்கு வயதுப் பிள்ளையின் கை பட்ட இடம் அவற்றில் ஒன்றுகூட இராது. நாலாம் நாள் காற்றில் உடைந்து, வெள்ளை மணிகளாக வாய்க்காலுக்கும் கடலுக்கும் போகும்.

நாங்கள் ஓலை முடைகிறவர்களும், சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களும். எங்கள் கோரிக்கை சிறியது. மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், அம்மாவோ அப்பத்தாவோ அம்மாச்சியோ பிள்ளையோடு மையத்துக்கு வந்து ஓலை வேலை செய்யட்டும். ஓலை மையத்திலேயே இருக்கட்டும், யாரும் எதுவும் வாங்கி வரவேண்டாம். கண்காட்சி வேண்டாம். பழகியதை வீட்டில் தொடரட்டும். கடல்பாசி எடுக்கப் போகிற நாட்களைத் தவிர்த்து நாள் குறித்தால் கூட்டம் தானே வரும்.

ஓலை பற்றி முதலில். பனை 1978 முதல் நம் மாநில மரம். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றிருப்பது மரத்தை வெட்டுவதற்கு, ஓலை கழிப்பதற்கல்ல. இருந்தாலும் குருத்தை அடுத்தடுத்து வெட்டினால் மரம் இளைத்துவிடும். ஒரு மரத்தில் ஆண்டுக்கு ஒரு குருத்து என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 20 பிள்ளைகள் வருகிற மையத்துக்கு ஒரு மாத வேலைக்கு இரண்டு குருத்தோலை தாராளம். மட்டையின் கருக்கைச் சீவாமல் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரக்கூடாது. அது ரம்பம்.

ஈர்க்கை உரித்து, ஓலையை மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, வாரைகளாக, அதாவது நீளப் பட்டைகளாகக் கிழித்துக் கட்டி வையுங்கள். வேலைக்கு எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஈரத் துணியில் சுற்றி வைத்தால் போதும். அண்டாவில் ஊறப்போட வேண்டாம். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, நம் ஊரில் குடம் கணக்கில் தண்ணீர் வாங்குகிறோம். துணி நனைக்க ஒரு டம்ளர் போதும். இன்னொன்று, ஊறிய ஓலை உப்பியிருக்கும். அப்படியே பின்னினால் காயும்போது அகலம் குறைந்து இடைவெளி விழும், கிலுகிலுப்பைக்குள் போட்டது வெளியே கொட்டும். அந்த ஒரு டம்ளரும் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் பட்ட ஓலை வெயிலில் காய்ந்தாலும், கடல் காற்று பட்டதும் மறுபடி ஈரம் இழுக்கும்.

கிலுகிலுப்பை செய்யப் பல பின்னல்கள் உண்டு. கை பழகாதவர்களுக்கு மூன்று வாரைப் பின்னல்தான் எளிது. 3.5 செ.மீ. அகலத்தில் மூன்று வாரை, ஒவ்வொன்றும் 17.5 செ.மீ. நீளம். அதாவது அகலத்தைப் போல ஐந்து மடங்கு. ஒவ்வொரு 3.5 செ.மீ.க்கும் ஒரு மடிப்பு போட்டால் ஐந்து சதுரம் வரும். முதல் வாரையை நான்கு பக்கப் பெட்டியாக மடித்து, ஐந்தாம் சதுரத்தை முதல் சதுரத்தின் மேல் படியவிடுங்கள்; அந்தப் பக்கத்தை மேலே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இடமும் வலமும் திறந்திருக்கும். இரண்டாம் வாரை மேல், வலம், கீழ், இடம் என்று சுற்றி வர வேண்டும். அதன் முதல் சதுரமும் கடைசிச் சதுரமும் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கம் விழும்படி இடப்பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். மூடுவதற்கு முன் உள்ளே போடவேண்டியதைப் போட்டுவிடுங்கள். மூன்றாம் வாரை முன்பக்கம் தொடங்கி இடம், பின், வலம் சுற்றி மறுபடி முன்பக்கம் வரும். அந்தக் கடைசிச் சதுரத்தை, முன்பக்கம் செங்குத்தாக ஓடுகிற முதல் வாரையின் அடியில் செருகி இழுத்துவிடுங்கள். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். ஒன்றை ஒன்று பிடித்து நிற்கும்.

3.5 செ.மீ. என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் பயன்படும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் அடங்குகிற எதுவும் சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்று கணக்கு. "பிஞ்சுக் கைக்கு அழகாக இருக்கும்" என்று ஆசைப்பட்டு 2 செ.மீ.யில் செய்து கொடுக்கவேண்டாம். கைப்பிடி என்று ஈர்க்கைச் செருகுவதும் கூடாது, அது கண்ணுக்கு நேரே வரும். கயிறு கட்டித் தொங்கவிடுவதானால் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம்.

உள்ளே என்ன போடுவது? வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த பச்சரிசி, 15 அல்லது 20 மணி. வறுக்காமல் போட்டால் வண்டு வைக்கும். ஓசை மெல்லியதாகத்தான் வரும். பிள்ளை காதருகே ஆட்டுவதற்கு அதுதான் சரி.

குன்றிமணி வேண்டவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும், அதனால்தான் பழைய கிலுகிலுப்பைகளில் போட்டார்கள். கடித்து உடைத்துத் தின்றால் உயிரை எடுக்கும் விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. மீனவர் வீடுகளில் இன்னொன்றும் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கிறது: வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு. கனமாக, நல்ல ஓசையோடு இருப்பதால் பொம்மைக்குள் போட யாருக்கும் தோன்றும். ஈயம் வாய்வழியே உடம்புக்குள் போனால் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கிழிந்த நைலான் வலையில் ஊஞ்சல், பந்து என்று செய்வதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இழை கைக்குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுபோகும்.

பிள்ளை தன் கையால் என்ன செய்யும் என்பதில்தான் பெரியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். இரண்டு வயதில் ஓலையைக் கிழிக்கும், ஈரத் துணியைப் பிழியும், பெட்டிக்குள் போட்டு எடுக்கும். அதுவும் கைவேலைதான். மூன்று வயதில் நான்கு விரல் அகல வளையத்தைக் குச்சியில் கோர்க்கும். நாலரை, ஐந்தில் பாய் பின்னலாம். அதற்கு அகலமான ஓலைத் துண்டு ஒன்றை எடுத்து, மேலே இரண்டு விரல் விட்டு, கீழே ஐந்து வாரையாகக் கிழித்து, கிழியாத தலைப்பைத் தரையில் கல் வைத்து அமுக்கிவிடுங்கள். குறுக்கே போட மஞ்சள் நிற வாரை கொடுங்கள். நிறம் வேறாக இருந்தால், ஒன்று விட்டு ஒன்று போகாத இடம் பிள்ளையின் கண்ணுக்கே தெரியும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் பிரித்துத் திருத்தாதீர்கள், அதைப் பார்த்த பிள்ளை மறுமுறை ஓலையைத் தொடாது.

மஞ்சள் சாயத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தூள் போட்டு, 20 நிமிடம் வாரையோடு கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்தினால் போதும். வெயிலில் வைத்தால் வெளுக்கும். கடையில் விற்கிற தூளில் நிறம் கூட்ட ஈயக் கலப்பு இருக்கக்கூடும், அதனால் விரலி மஞ்சளை வாங்கி அரைத்ததே மேல். சிவப்பு வேண்டும் என்று சுண்ணாம்பு கலப்பார்கள். பிள்ளை கண்ணைக் கசக்கினால் வெந்துபோகும். ஓலைப் பெட்டிக்கு ஏற்றுகிற கடைச் சாயம் எச்சில் பட்டதும் இறங்கும். வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு நிறமே இல்லாத ஓலைதான் நல்லது.

காற்றாடிக்கு நான்கு வாரை, 2 செ.மீ. அகலம், 16 செ.மீ. நீளம். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் அடுத்ததன் வால் நுழையும்படி சுற்றிவந்து, கடைசி வாலை முதல் மடிப்புக்குள் விட்டு நான்கையும் ஒருசேர இழுத்தால் நடுவில் சதுர முடிச்சும் நாற்புறமும் இறக்கையும் வரும். இறக்கைகளை எல்லாம் ஒரே பக்கமாக லேசாகத் திருகவேண்டும். தட்டையாக விட்டால் எந்தக் காற்றுக்கும் அசையாது. நடுத் துளை ஈர்க்கைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். இங்கே வழக்கம் கருவேல முள்ளைக் குத்துவதுதான். காலில் ஏறினால் சீழ் வைக்கிற முள்ளைப் பிள்ளை கையில் கொடுத்து ஓடு என்று சொல்கிறோம்! தென்னை ஈர்க்கின் இரு நுனியிலும் பருத்தித் துணியைச் சுருட்டிக் கட்டினால் காற்றாடியும் கழலாது, கண்ணும் தப்பும். பிறகு பிள்ளை கேட்கும், எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று. வாடைக் காற்றுக்கு வடக்கே, கச்சான் காற்றுக்கு மேற்கே என்று அப்பாவோ தாத்தாவோ சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல நேரம் வராது.

நுங்குக் காலத்தில் நுங்கு வண்டி. தின்று முடித்த காய் இரண்டு, ஒரே அளவில். அச்சுக்கு விரல் கனக் குச்சி 25 செ.மீ.; தள்ள, பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் ஒரு கவட்டைக் குச்சி. ஒரு காய் சிறுத்தால் வண்டி அந்தப் பக்கமே வளைந்து போகும். அச்சு நடுவில் ஏறாவிட்டால் நொண்டும். இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். மூன்றாம் நாள் காய் சுருங்கி அச்சு ஆடும்; ஈ மொய்க்குமுன் தூக்கிப் போட்டுவிடலாம்.

மாவு விளையாட்டுக்கு ஒரு பங்கு மைதா, அரைப் பங்கு உப்பு என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். கடலோரத்தில் அது ஒத்துவராது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, இரண்டாம் நாள் மாவு கசிந்து கையில் ஒட்டும். இரண்டு வயதுப் பிள்ளை அதில் ஒரு பிடி தின்றுவிட்டால் உப்பே ஆபத்தாகும். கொழுக்கட்டை மாவு எல்லா வீட்டிலும் தெரிந்ததுதானே: ஒரு டம்ளர் பச்சரிசி மாவு, ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவாகக் கொதிக்கிற தண்ணீர், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். உருட்டும்போது வெடித்தால் தண்ணீர் கொதிக்கவில்லை என்று பொருள். பெரியவர் பிசைந்து, ஆறிய பிறகு கொடுக்கவேண்டும். அன்றோடு சரி, மிச்சம் ஆட்டுக்கு. பசைக்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் காய்ச்சினால் போதும். பூச்சி வராமலிருக்கச் சுவரொட்டிக்காரர்கள் போடும் மயில்துத்தம் விஷம், அது மையத்துக்குள்ளேயே வரக்கூடாது.

சங்கு, சிப்பி, பவளத் துண்டு பற்றித் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. கடலோரப் பிள்ளைக்கு அவற்றைத்தான் கொடுப்போம் என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் பவளமும் கடற்குதிரையும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட உயிரின அட்டவணையில் உள்ளவை. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்கா நம் கரையோரமாகத்தான் கிடக்கிறது. கரையில் ஒதுங்கியதென்றாலும் பவளத்தைப் பிள்ளை பொறுக்கிப் பழகவேண்டாம். உயிருள்ள கூம்புச் சங்கு கொட்டினால் ஆளே சாகலாம். சிப்பியைத் துளைக்கும்போது பறக்கும் தூளும், பளபளப்பாக்க ஊற்றும் அமிலமும் வீட்டு வேலைக்கு உகந்தவையல்ல. வெற்றுச் சிப்பியை மணலில் அடுக்கி விளையாடிவிட்டு அங்கேயே விட்டு வரட்டும்.

"முத்திரை இல்லாத பொம்மையை மையத்தில் வைக்கலாமா?" என்று கேட்கப்படலாம். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு இந்தியத் தர முத்திரை கேட்பது உண்மை. ஆனால் கைவினை ஆணையரகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்கும் பொருளுக்கு விலக்கு உண்டு. தாய் தன் பிள்ளைக்குச் செய்வது வியாபாரமே இல்லை. காகிதத்தில் அதற்குத் தடை இல்லை என்பதால் கவனம் தேவையில்லை என்று ஆகிவிடாது. அதற்காகத்தான் மேலே இவ்வளவு அளவுகளும்.

செய்ததை வைப்பது எங்கே என்பதும் ஒரு வேலை. ஐப்பசி பிறந்தால் ஓலையில் கரும்புள்ளி விழும், அது பூஞ்சை. கழுவாமல் துடைத்து, அடுப்படியில் சூடு படுகிற உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். புள்ளி விழுந்ததைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் எரித்துவிட்டு, புதிதாகப் பின்னிக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு வீட்டு ஆண்கள் கரையில் இருப்பார்கள், நுங்கும் கிடைக்கும், மரம் ஏறுகிறவர்களும் பதநீருக்காக மரத்தில்தான் இருப்பார்கள். மே மாத விடுமுறை நாட்களை மட்டும் விட்டு நாள் குறியுங்கள். ஓலை கேட்கிற மையங்கள் பங்குனி முடிவதற்குள் தங்கள் ஊர்ப் பனையேறிகளிடம் எண்ணிக்கை சொல்லி வைக்கவேண்டும். மழை இறங்கி மரம் வழுக்கத் தொடங்கிவிட்டால் குருத்துக்காக யாரும் ஏறமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓலை வேலையும் பாலர் விளையாட்டும் அறிந்த சிலர்,
இராமநாதபுரம் கடற்கரை