ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து அப்புச்சிக்கு

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், ஆஸ்திரேலியா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அப்புச்சிக்கும் அமத்தாவுக்கும்,

நான் நலம். அமத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று அம்மா சொன்னாள், கேட்கச் சந்தோஷமாக இருந்தது. போனில் அப்புச்சி கேட்டீர்கள்: "மாட்டுக்குத் தண்ணி இருக்கான்னு பாக்கறது ஒரு உத்தியோகமா? அதுக்கு இத்தனை தூரம் போகோணுமா?" அன்றைக்கு லைன் சரியில்லை, பாதிதான் சொல்ல முடிந்தது. இன்று விடுமுறை, வெளியே தலைகாட்ட முடியாத வெயில். பண்ணை டேங்குகளில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தூரத்திலிருந்தே காட்டும் கருவியை மாட்டுவதுதான் என் வேலை. விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தின் அளவைச் சொல்ல வேண்டும். நம் கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் மாடு எந்த மூலையில் நின்றாலும் சாளைத் திண்ணையிலிருந்து தெரியும். சாயங்காலம் பட்டிக்கு வந்ததும் தண்ணி காட்டுவீர்கள். எது வயிறு நிறையக் குடித்தது, எது முகத்தை வைத்துவிட்டுத் திரும்பியது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. போன வாரம் நான் வேலை பார்த்த பண்ணை சுமார் 3,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் திருப்பூர் மாவட்டத்தில் பாதிக்கு மேல். அத்தனை இடத்துக்கும் ஒரே ஒரு குடியிருப்பு, பத்துப் பேர்கூட இல்லை. மாடுகள் கட்டுத்தரையைக் கண்டதில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஹெலிகாப்டரும் பைக்கும் வைத்து ஓட்டி வருவார்களே, அப்போதுதான் மனிதரைக் கிட்டத்தில் பார்க்கும்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வருஷத்துக்குச் சுமார் 280 மில்லிமீட்டர் மழைதான். ஊர் நடுவே ஓடும் டாட் ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் கிடக்கும். ஆகவே எல்லாம் போர் தண்ணீர். போருக்குள் சோலார் பம்ப், பக்கத்தில் ஒரு பெரிய டேங்க், அங்கிருந்து கிலோமீட்டர் கணக்கில் கறுப்பு பாலிதீன் குழாய், கடைசியில் மிதவை வால்வு வைத்த நீளத் தொட்டி. மாடு குடிக்கக் குடிக்க மிதவை இறங்கித் தண்ணீர் விடும். பழைய காற்றாலை பம்புகள் இன்னும் சில இடங்களில் சுற்றுகின்றன.

கோடையில் ஒரு பெரிய மாட்டுக்கு ஒரு நாளைக்கு 60, 70 லிட்டர் வேண்டும், கன்றுக்குப் பால் கொடுக்கும் பசுவுக்கு இன்னும் கூடவே. ஒரு தொட்டியை நம்பி 400 மாடு இருந்தால் தினம் 28,000 லிட்டர். ஒரு லட்சம் லிட்டர் டேங்க் நிறைந்திருந்தாலும் பம்ப் நின்றுவிட்டால் மூன்றரை நாள்தான் தாங்கும். குழாய் உடைந்தால் ஒரே ராத்திரியில் காலி. அடுத்த தொட்டி பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். மாடு பழகின தொட்டியை விட்டு லேசில் நகராது. காய்ந்த தொட்டியைச் சுற்றியே கத்திக்கொண்டு நிற்கும். 40 டிகிரிக்கு மேல் காயும்போது இரண்டு மூன்று நாளில் சாக ஆரம்பித்துவிடும், கன்றுகள்தான் முதலில். 2019 ஜனவரியில் இந்த ஊருக்குத் தென்கிழக்கே சாண்டா தெரேசா அருகில் ஒரு நீர்க்குழி வற்றிப்போய், நாற்பதுக்கும் மேற்பட்ட காட்டுக் குதிரைகள் அதைச் சுற்றிச் செத்தும் சாகும் நிலையிலும் கிடந்தன. அவற்றுக்குச் சொந்தக்காரர் கிடையாது. குழி வற்றியது வெளியே தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு என் வேலையைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

இதனால்தான் ஒவ்வொரு பண்ணையிலும் 'போர் ரன்' என்று ஒரு வேலை உண்டு. ஒருவர் வண்டியில் டீசலும் குழாய் இணைப்புகளும் குடிதண்ணீரும் ஏற்றிக்கொண்டு எல்லா போர்களையும் சுற்றி வருவார். ஒரு சுற்றுக்கு 200, 300 கிலோமீட்டர் மண் பாதை, கோடையில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. பெரும்பாலான சுற்றில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் திங்கட்கிழமை பார்த்துவிட்டுப் போன தொட்டி அன்று சாயங்காலமே உடைந்தால், வியாழக்கிழமை வரை யாருக்கும் தெரியாது. நாங்கள் மாட்டும் கருவி இந்த இடைவெளியைத்தான் குறைக்கிறது. டீசல் மிச்சம், டயர் மிச்சம் என்று விற்பவர்கள் பேசுவார்கள். உண்மைதான், ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த மூன்று நாள்.

நம் தோட்டத்து மோட்டாரை மாமா போனிலிருந்தே போட்டு நிறுத்துகிறாரே, கிட்டத்தட்ட அதே கதைதான். டேங்கின் அடியில் ஒரு சென்சார் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 கிலோபாஸ்கல், அதை வைத்து எத்தனை லிட்டர் என்று கணக்கு வந்துவிடும். குழாயில் தண்ணீர் ஓட்டத்தை அளக்க ஒரு மீட்டர், பம்புக்கு ஒரு கண்காணிப்பு, எல்லாவற்றுக்கும் கையகலச் சோலார் பேனல். இங்கே நகரத்தை விட்டு வெளியே வந்தால் மொபைல் டவர் கிடையாது என்பதுதான் வித்தியாசம். குடியிருப்பில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இன்டர்நெட் இருக்கும், ஆனால் அந்தத் தட்டு தின்னும் மின்சாரத்தை ஒவ்வொரு டேங்கிலும் கொடுக்க முடியாது. எங்களுக்கு வேண்டியதோ டேங்க் எண், நீர் மட்டம், பேட்டரி அளவு, அவ்வளவே. குட்டிச் செய்தி. சில இடங்களில் கம்பம் நட்டு ரேடியோ வழியாக அனுப்புகிறோம், தூரமான இடங்களில் தலைக்கு மேலே கடக்கும் சிறு செயற்கைக்கோள்களுக்கு. அப்புச்சி, இந்த ஊரே செய்தி அனுப்ப உண்டானது. 1872-ல் அடிலெய்டிலிருந்து டார்வின் வரை தந்திக் கம்பி இழுத்தபோது நடுவில் வைத்த ஒரு நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் இது.

நீர் மட்டத்தைக் கோடாகக் காட்டும் வரைபடத்தில் டேங்கின் ஒரு நாளைப் பார்த்தால் மாட்டின் ஒரு நாளே தெரியும். காலையில் மந்தை வந்ததும் கோடு சரியும், வெயில் ஏற ஏற பம்ப் நிரப்பும், சாயங்காலம் மறுபடி சரியும், ராத்திரி அநேகமாகத் தட்டையாக இருக்கும். ஜனவரியில் ஒரு ராத்திரி ஒரு டேங்கின் கோடு தட்டையாக நிற்காமல் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மாடு அப்படிக் குடிக்காது, குழாயோ வால்வோ போயிருக்க வேண்டும். பண்ணை மேலாளருக்கு எச்சரிக்கை போய், விடியுமுன் கிளம்பிவிட்டார். காட்டு ஒட்டகங்கள் தொட்டியை நெம்பி மிதவையைப் பிய்த்துப் போட்டிருந்தன. அவர் போனபோது டேங்கில் கால்வாசி மிச்சம். வால்வை அடைத்துப் புது மிதவை மாட்டி எட்டு மணிக்குள் தொட்டியை நிரப்பிவிட்டார். மந்தை வந்து வழக்கம்போலக் குடித்துவிட்டுப் போனதாம். அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது!

ஆனால் 'இனி நேரில் போகவே வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. டேங்க் நிறைந்திருக்கும், தொட்டியில் ஒரு கிளி செத்து மிதக்கும், மாடு மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும். சென்சாருக்கு அது எப்படித் தெரியும்? உப்புத் தண்ணீர் இருக்கும் இடங்களில் வால்வில் சுண்ணாம்பு படிந்து சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அங்கேயும் டேங்க் நிறைந்தே இருக்கும். அதனால் தொட்டியிலும் ஒரு சென்சார், முடிந்தால் ஒரு கேமரா என்று நான் வற்புறுத்துகிறேன். சுற்றுகளைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. என்னோடு வரும் வயதான போர் ரன்னர் ஒருவர் மாட்டின் இடுப்பெலும்பையும் சாணத்தையும் பார்த்தே தண்ணீர் எப்படி என்று சொல்லிவிடுவார். நீங்கள் சொல்வதைப் போலவே சொல்வார்.

தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மேய்ச்சல் என்பதையும் இங்கே வந்துதான் கண்ணால் பார்த்தேன். தொட்டியிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள்தான் மாடு அதிகம் மேயும், அதற்கப்பால் புல் இருந்தும் தொடாது. தொட்டியருகே தரை மொட்டையாகிவிடும். ஒரு தொட்டியை மூடி வேறிடத்தில் திறந்தால் பழைய இடம் ஆறும். எத்தனை தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் இதைத் துணிந்து செய்ய முடியும்.

இன்னொன்று கேளுங்கள். இங்கே எங்கு பார்த்தாலும் நம் கொழுக்கட்டைப் புல்! கொறங்காட்டில் நீங்கள் பொத்திப் பொத்தி வளர்ப்பதை, இங்குள்ள நார்தர்ன் டெரிடரி அரசு 2024-ல் களை என்று அறிவித்துவிட்டது. உள்ளூர்ப் புற்களை அமுக்கி, காய்ந்ததும் பெருந்தீக்கு வழி விடுகிறது என்று பூர்வகுடிப் பெரியவர்கள் வெகு காலமாக வருந்துகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாட்டுக்காரர்களோ அது இல்லாமல் முடியாது என்கிறார்கள். மாடுகளில் நிறையத் திமில் வைத்த பிராமன் இனம். நம் ஊர் ஓங்கோல், கிர் வம்சங்கள் அமெரிக்கா போய்க் கலந்து 1933-ல் இங்கே வந்தவை. முதல் தடவை பார்த்தபோது கழுத்தைத் தடவப் போனேன், மாடு மிரண்டு ஓடிவிட்டது.

சரி, நம் கொறங்காட்டுக்கும் ஒன்று வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்கலாம். செயற்கைக்கோளெல்லாம் வேண்டாம், ஒரு சிம் கார்டு போதும். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருகிறேன். அதற்குள் மாமாவை டேங்கைக் கழுவிவிட்டு, உள் உயரம், அகலம், வெளிக்குழாய் அடியிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று அளந்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கடைசி அளவு முக்கியம், குழாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீர் மாட்டுக்கு வராது.

உங்கள் அன்புப் பேரன்